58 வயதுக் காதும் வீட்டு ஸ்பீக்கரும்

அந்த ஸ்பீக்கர் ஜோடியை வாங்கிய நாளிலிருந்து, நான் பாட்டுப் போட்ட பத்தாவது நிமிஷம் என் மனைவி எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். வேலை இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன். நாலு மாதம் கழித்து பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்த மகன், ஒரு பாட்டு முடிவதற்குள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான்.

"அப்பா, 'ச' வர்ற இடமெல்லாம் ஊசி குத்தற மாதிரி இருக்கு. உங்களுக்கு அப்படி இல்லையா?"

எனக்கு அப்படி இல்லை. சொல்லப்போனால் அதற்காகத்தான் அந்த ஸ்பீக்கரையே வாங்கினேன். 2021 டிசம்பர், விலை 68,000 ரூபாய். கடையில் இரண்டு ஜோடிகளை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார்கள். ஒன்று அடக்கமாகப் பாடியது. இன்னொன்றில் ஜால்ரா தனியாக, கஞ்சிராவின் சலங்கை தனியாக, வீணைக் கம்பியில் விரல் வழுக்குவது தனியாகக் கேட்டது. பல வருஷமாகத் தொலைந்து போயிருந்த ஏதோ ஒன்று திரும்பி வந்த மாதிரி இருந்தது. இருபது நிமிஷத்தில் முடிவு செய்துவிட்டேன். கடைக்காரரும் என் வயதுக்காரர்தான். அவருக்கும் அதே ஜோடிதான் பிடித்திருந்தது.

மகன் சொன்னது சமையலறைக்குக் கேட்டிருக்கிறது. "எனக்கும் தலை வலிக்குதுங்க. நீங்க ஆசையா வாங்கினீங்களேன்னு சொல்லலை" என்றாள் அங்கிருந்தே.

அன்று மாலை மகன் தன் போனில் ஒரு ஆப் இறக்கினான். ஒரே ஒரு ஒலியை, நாம் சொல்லும் ஹெர்ட்ஸில் எழுப்பும் ஆப். ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு, எண் ஏற ஏற ஒலி உச்சத்துக்குப் போகும். அதை ஆம்ப்ளிஃபயரில் இணைத்து, மூன்று பேரும் ஹாலில் உட்கார்ந்தோம். கேட்கிறவரை கையைத் தூக்கி வைத்திருக்க வேண்டும். 8,000 ஹெர்ட்ஸில் மூன்று கைகளும் மேலே இருந்தன. 10,000 வருவதற்கு முன்பே என் கை இறங்கிவிட்டது. மனைவியின் கை 13,000 தாண்டி இறங்கியது. மகன் 17,000 வரை உட்கார்ந்திருந்தான். நடுவில், எனக்குத்தான் கேட்கவில்லையே என்று ஒலியைக் கூட்டப் போனேன். அவன் சட்டென்று என் கையைப் பிடித்தான். நமக்குக் கேட்கவில்லை என்பதால் அந்த ஒலி இல்லாமல் போய்விடாது, ட்வீட்டரும் (ஸ்பீக்கரில் உச்ச ஒலிகளைத் தரும் பாகம்) பக்கத்தில் இருப்பவர் காதும் அதை வாங்கிக்கொண்டுதான் இருக்கும். வீட்டில் செய்து பார்க்கிறவர்கள் இதை மறக்க வேண்டாம். இது சரியான சோதனையும் ஆகாது. போன், ஸ்பீக்கர், அறை எல்லாம் கலந்து வரும் கணக்கு. ஆனால் ஒரே அறையில், ஒரே ஸ்பீக்கரில், மூன்று வயதுக் காதுகளும் எங்கெங்கே நிற்கின்றன என்பது அதில் தெரிந்துவிட்டது.

அப்புறம் முறைப்படி காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம் போனேன். வலது காதில் அழுக்கு அடைத்திருந்தது. எடுத்த பிறகுதான் சோதனைக்கே அனுப்பினார். (இந்த ஒன்றுக்காகவே நாற்பது தாண்டியவர்கள் ஒரு தடவை போய்விட்டு வரலாம். புது ஸ்பீக்கரைவிட ரொம்ப மலிவு.) ஒலி புகாத சின்ன அறையில் உட்கார வைத்து, 250 ஹெர்ட்ஸிலிருந்து 8,000 வரை ஒவ்வொன்றாக ஒலி கொடுத்தார்கள். முடிவு ஒரு வரைபடமாக வந்தது. வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. 1,000 ஹெர்ட்ஸ் வரை இரண்டு கோடுகளும் மேலேயே போகின்றன. 2,000-இல் கொஞ்சம் சரிவு. 4,000-இல் வலது காதுக்குக் கேட்கவே 40 டெசிபல் சத்தம் வேண்டியிருக்கிறது, இடது காதுக்கு 50. பெரியவர்களுக்கு 25 வரை இயல்பு என்று வைத்துக்கொள்கிறார்கள். சோதித்த பெண் கோட்டைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "சார், மில்லுல வேலை பார்த்திருக்கீங்களா?"

பார்த்திருக்கிறேன். 1989 முதல் 2000 வரை கோவையில் ஒரு நூற்பாலையில், ரிங் ஃபிரேம் பிரிவில். எதிரே நிற்பவர் பேசுவது கேட்காது, உதட்டைப் பார்த்தும் கை ஜாடையிலும்தான் பேச்சு. காதில் வேஸ்ட் பஞ்சை உருட்டி வைத்துக்கொள்வோம். வெறும் பஞ்சு தடுப்பது மிகக் கொஞ்சம் என்று அன்றைக்கு எங்களுக்குச் சொல்ல ஆளில்லை. 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் இப்படிப் பள்ளம் விழுவது நெடுநாள் இரைச்சலின் அடையாளமாம். அதன்மேல் வயதும் சேரும்போது எது மில் எடுத்தது, எது வயசு எடுத்தது என்று பிரிக்க முடியாது என்றார்.

உள்காதில் நத்தைக்கூடு போன்ற ஒரு சுருள் இருக்கிறது. அதன் வாசல் பக்கம் இருக்கும் மயிர்ச்செல்கள் உச்ச ஒலிகளுக்கும், உள்ளே போகப் போக இருப்பவை கீழ் ஒலிகளுக்கும் ஆனவை. வயதாகும்போது வாசல் பக்கத்துச் செல்கள்தான் முதலில் தேய்கின்றன. தேய்ந்தது மனிதனுக்குத் திரும்ப முளைப்பதில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சின்ன வயதிலிருந்து சம்பாதித்ததில் பெரும்பகுதியை ஒலிக்குக் கொடுத்தவன் நான். இனி என்ன கேட்டு என்ன என்று தோன்றிவிட்டது.

காலையில் பேப்பர் எடுத்துக் கணக்குப் போட்டபோது கொஞ்சம் தெம்பு வந்தது. 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 வரை ஏறக்குறைய பத்து ஸ்தாயி. ஒவ்வொரு ஸ்தாயிக்கும் எண் இரட்டிப்பாகிறது. ஆக, 10,000-க்கு மேலே இருப்பது ஒரே ஒரு ஸ்தாயிதான். பியானோவின் கடைசிக் கட்டையே 4,186 ஹெர்ட்ஸ். குரலும் வயலினும் புல்லாங்குழலும் வாசிக்கும் ஸ்வரங்கள் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். அதற்கு மேலே உள்ளவை அந்த ஸ்வரங்களோடு கூடவே எழும் உப ஒலிகளும் ஜால்ராவின் மினுக்கும். அது போனதில் வருத்தம் உண்டு, ஆனால் பாட்டு போகவில்லை. உண்மையான சிக்கல் அந்த 4,000 பள்ளம்தான். 'ச', 'ஸ', 'த' போன்ற எழுத்துகளின் கூர்மை அங்கேயும் அதற்கு மேலேயும்தான் இருக்கிறது. ராகம் பிடிபட்டும் சொல் நழுவுவது அதனால்தான். வேறு பேச்சும் இரைச்சலும் சேர்ந்துவிட்டால் இன்னும் நழுவும்.

1986-இல் எனக்கு 19 வயது. பாலிடெக்னிக் படித்துக்கொண்டே, உக்கடம் பழைய சாமான் கடைகளில் பொறுக்கிய பாகங்களை வைத்து, 2என்3055 டிரான்சிஸ்டரில் ஒரு ஆம்ப்ளிஃபயர் கட்டினேன். ஸ்பீக்கருக்குப் பெட்டி செய்யக் காசில்லை. மண்பானையின் வாயில் எட்டு இன்ச் ஸ்பீக்கரை உட்கார வைத்து, இடுக்கில் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினேன். அந்தக் காலத்து டீக்கடை முறை. ஸ்பீக்கரின் முதுகிலிருந்து வரும் அலை முன்னால் வரும் அலையைத் தின்றுவிடாமல் பானை அடைத்துக்கொள்வதால் பேஸ், அதாவது கீழ் ஒலி, எழும்பும். பானைக்குள் இருக்கும் காற்று ஒரு குறிப்பிட்ட ஒலியில் மட்டும் அதிகமாக அதிரும் என்பதால் எல்லாப் பாட்டிலும் அதே 'டும்'தான். அதுபற்றி அன்றைக்கு எனக்குக் கவலையே இல்லை. நெஞ்சில் இடிக்க வேண்டும், தெரு முனை வரைக்கும் கேட்க வேண்டும், நண்பர்கள் வந்து "என்னடா செட்டு இது!" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

அப்பாவுக்கு அப்போது 52. அவரும் மில்காரர்தான். அவருடைய மர்பி வால்வு ரேடியோவில், மேல் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் டோன் திருகு எப்போதும் இடது கோடியில், குறைத்தபடிதான் இருக்கும். நான் வலது பக்கம் திருப்பி வைப்பேன். வேலை முடிந்து வந்ததும் ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்பத் திருகிவிட்டு உட்காருவார். "போர்வையைப் போர்த்தின மாதிரி இருக்குப்பா" என்பேன். "சுள்ளுனு ஏறுது தம்பி, வேண்டாம்" என்பார். பழைய ஆளுக்கு ரசனை அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

என் சோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தபோதுதான் அந்த "சுள்ளு" புரிந்தது. தேய்ந்த காதுக்கு மெல்லிய ஒலி கேட்காது, ஆனால் ஒலி கொஞ்சம் கூடினால் சட்டென்று தாங்க முடியாத அளவுக்குப் போய்விடும். இடையில் இருக்கும் வசதியான இடம் குறுகிவிடுகிறது. ட்ரெபிள் (மேல் ஒலி) கேட்காதவருக்கு ட்ரெபிளைக் கூட்டிக் கொடுத்தால் போதும் என்று நினைக்கிறோம். அப்பாவுக்கு அது வலித்திருக்கிறது. நான் அவருடைய காதோடு இருபது வருஷம் சண்டை போட்டிருக்கிறேன்.

முப்பது வயதில் சி.டி. பிளேயர் வாங்கிய பிறகு என் ரசனை அப்படியே திரும்பிவிட்டது. எந்த வாத்தியம் எந்தப் பக்கம், பாடகர் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார், மூச்சு எங்கே வாங்குகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டு தேடுவேன். பாட்டைவிடப் பதிவைத்தான் அதிகம் கேட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. டோன் திருகு உள்ள ஆம்ப்ளிஃபயரைத் தொடவே மாட்டேன், அது ஒலியைக் கெடுத்துவிடும் என்று பதினைந்து வருஷம் நம்பினேன். இப்போது காலை ஐந்து மணிக்கு எழுந்து, தம்பூராவும் ஒரு குரலும் மட்டும் உள்ள பழைய மோனோ பதிவுகளைத்தான் போடுகிறேன். காது மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். பத்தொன்பதில் என் செட் மற்றவர்களுக்குக் காட்ட வேண்டிய பொருளாக இருந்தது. இப்போது எனக்கு வேண்டியது பக்கத்தில் ஒரு குரல். ஆனால் காதுக்கும் அதில் பங்கு உண்டு. எனக்கு இன்னும் நன்றாகக் கேட்கும் இடத்தில்தான் அந்தக் குரல்கள் இருக்கின்றன.

சரி, 68,000 ரூபாய் ஸ்பீக்கரை என்ன செய்தேன்? விற்கத்தான் நினைத்தேன். மகன் ஒரு மாதம் பொறுக்கச் சொன்னான்.

முதலில் இடம். ஸ்பீக்கர்கள் இரண்டும் சுவர் மூலையில் இருந்தன. மூலையில் வைத்தால் சுவர்கள் பேஸை ஊதிப் பெருக்கும். கீழ் ஒலி அதிகமானால் அது மேல் ஒலியை மூடிவிடும், அதிலும் தேய்ந்த காதில் நன்றாகவே மூடும். பாட்டில் சொல் புரியவில்லை என்று ட்ரெபிளைக் கூட்டிக்கொண்டிருந்தேன். கூட இருந்த பேஸைக் குறைத்தாலே பாதி சரியாகியிருக்கும். பின்சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்தோம், பக்கச் சுவரையும் விட்டு நகர்த்தினோம்.

அடுத்தது நாற்காலி. ஒன்பது அடியிலிருந்து ஐந்தரை அடிக்குக் கொண்டுவந்தேன். நான் செய்த எல்லாவற்றிலும் அதிகப் பலன் தந்தது இதுதான், செலவும் இல்லை. நம் வீட்டு ஹால்களில் டைல்ஸ் தரை, சிமெண்டுச் சுவர், காங்கிரீட் தளம். கைதட்டினால் 'ட்ரிங்' என்று திரும்பும். தூரத்தில் உட்கார்ந்தால் ஸ்பீக்கரின் ஒலியைவிடச் சுவரிலிருந்து திரும்பும் ஒலி அதிகம். இளம் காது அதைப் பிரித்து ஒதுக்கிவிடும், என் காதுக்கு அது முடியவில்லை. கிட்டே வந்தால் ஸ்பீக்கரின் ஒலி முந்திக்கொள்கிறது. தரையில் பவானி ஜமக்காளம் விரித்துப் பார்த்தேன். மெல்லியது என்பதால் பெரிய வித்தியாசம் இல்லை. பின்சுவர் ஓரமாக இரண்டு இலவம்பஞ்சு மெத்தைகளைச் சுருட்டி நிறுத்தினேன். 'ட்ரிங்' போய்விட்டது.

இதைச் செய்துகொண்டிருந்தபோதுதான் அப்பாவின் கடைசிக் காலம் நினைவுக்கு வந்தது. நான் ஹாலில் நல்ல செட் வாங்கி வைத்திருந்தும், அவர் திண்ணையில் கையடக்க டிரான்சிஸ்டரைக் காதோரம் வைத்துக்கொண்டுதான் கேட்பார். "உள்ள வந்து கேளுங்கப்பா" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, பிடிவாதம் என்று விட்டுவிட்டேன். அரை அடி தூரம், பேஸே இல்லாத சின்ன ஸ்பீக்கர், எதிரொலிக்கச் சுவர் இல்லாத திண்ணை. மீடியம் வேவில் ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் வருவதில்லை, அவருக்கும் அதற்கு மேல் தேவைப்பட்டிருக்காது. நான் மெத்தை சுருட்டித் தேடியதை அவர் தானாகவே கண்டுபிடித்து வைத்திருந்தார்.

டோன் திருகு விஷயத்துக்கு வருகிறேன். டோன் திருகும் பேலன்ஸ் திருகும் உள்ள பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றை வாங்கினேன். இடது காது மந்தமாக இருப்பதால் பாடகர் எப்போதும் கொஞ்சம் வலப்பக்கம் நின்று பாடுகிற மாதிரி கேட்கும். பேலன்ஸைச் சிறிது இடப்பக்கம் திருப்பியதும் நடுவுக்கு வந்துவிட்டார். ட்ரெபிளை முதலில் என் சோதனைத் தாளுக்குத் தகுந்த மாதிரி நன்றாக ஏற்றிப் பார்த்தேன். பள்ளத்தை நிரப்பிவிடலாம் என்று எண்ணம். அந்த வாரம் அக்காவின் பேத்தி வீட்டுக்கு வந்திருந்தாள், வயலின் கற்கிறாள். ஹாலில் உட்கார்ந்து அரை மணி நேரம் வாசித்தாள். அவள் வைத்ததும் நான் ஒரு வயலின் தட்டைப் போட்டேன். தகரத்தைக் கீறுவது போல இருந்தது. அவள் வாசித்ததை நான் கேட்டதும் இதே தேய்ந்த காதால்தான், அது மரமும் நரம்புமாக அவ்வளவு இனிமையாக இருந்தது. எனக்கு 'நிஜ வயலின்' என்பது இந்தக் காது வழியாக வருகிற வயலின்தான். ஸ்பீக்கர் அதைப் போல இருந்தால் போதும், என் காதை ஸ்பீக்கர் இளமையாக்க வேண்டியதில்லை. ட்ரெபிளைத் திரும்ப நடுவுக்கே கொண்டுவந்தேன். மகன் இருக்கும்போது அதிலும் ஒரு கோடு குறைப்பேன். பேச்சு, உபன்யாசம் கேட்கும்போது மட்டும் போன் ஆப்பில் 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் இரண்டு மூன்று டெசிபல் ஏற்றிக்கொள்கிறேன்.

விடிகாலையில் மெதுவாகக் கேட்கும்போது லவுட்னஸ் பொத்தானைப் போடுகிறேன். இதையும் முன்பு கேவலமாகப் பேசியவன்தான். ஒலி குறையக் குறைய நம் காது பேஸை மற்றவற்றைவிட வேகமாக இழக்கிறது. அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து வெளியிட்டுவிட்டார்கள், அந்தப் பொத்தான் அதற்காக வந்ததுதான். பகலில் சத்தமாகக் கேட்கும்போது அணைத்துவிட வேண்டும்.

புது ஸ்பீக்கர் வாங்கப் போகிற ஐம்பது வயதுக்காரர்களுக்கு நான் சொல்வது: இருபது வயதுப் பிள்ளை ஒன்றையும் வீட்டு அம்மாவையும் கூட்டிப் போங்கள். பொதுவாகப் பெண்களுக்கு மேல் ஒலிகள் நம்மைவிட அதிக நாள் நிற்கின்றன. நன்றாகத் தெரிந்த ஒரு குரல் தட்டைக் கையோடு கொண்டு போங்கள். இரண்டு ஜோடிகளையும் ஒரே சத்த அளவில் போடச் சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாகப் பாடுவதுதான் நல்லது என்று எந்தக் காதும் ஏமாந்துவிடும். ஒரு மணி நேரமாவது கேளுங்கள். இருபதாவது நிமிஷத்தில் 'தெளிவு' என்று தோன்றுவது ஐம்பதாவது நிமிஷத்தில் தலைவலியாகலாம். டோன், பேலன்ஸ் இரண்டும் உள்ள ஆம்ப்ளிஃபயரே வாங்குங்கள். ஒரு காது மட்டும் திடீரென்று மந்தமானால் ஸ்பீக்கரைச் சோதித்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள். அதில் ஒவ்வொரு நாளும் முக்கியம்.

காது மிஷின் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள், அடுத்த மாதம் சோதனைக்குத் தருவார்கள். அவை பேச்சுக்காகவே செய்யப்பட்டவை. மிஷினே எழுப்பும் 'கூய்' என்ற கூவல் வராமல் தடுக்கும் அமைப்பு, நீண்டு ஒலிக்கும் புல்லாங்குழலையும் கூவல் என்று நினைத்து அலைக்கழிக்குமாம். இசைக்கென்று தனி அமைப்பு வைத்துத் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

மகனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டேன். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வரை பரவாயில்லை என்பது தொழிற்சாலைகளுக்குச் சொல்லப்படும் அளவு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-இல் நாலு மணி நேரம், 100-இல் வெறும் கால் மணி நேரம். ஹெட்போனில் 100 தொடுவது ஒன்றும் கஷ்டமில்லை. எனக்கு மில்லில் வேறு வழி இருக்கவில்லை. அவனுக்கு இருக்கிறது. சரிப்பா என்று சொல்லியிருக்கிறான், ஊருக்குப் போன பிறகு எப்படியோ தெரியவில்லை.

ஸ்பீக்கரை விற்கவில்லை. நேற்று சாயங்காலம் ஒரு முழுக் கச்சேரிப் பதிவு போட்டேன், இரண்டரை மணி நேரம். தனியாவர்த்தனம் வந்தபோது திரும்பிப் பார்த்தேன். மனைவி முறத்தை மடியில் வைத்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.